சீனி போடாமல் மெரிங் செய்ய முடியுமா? நாலு தடவை செய்து பார்த்தவனின் பதில்

கேள்வி இதுதான்: வீட்டில் மெரிங் (முட்டை வெள்ளைக்கருவைச் சீனியோடு நுரைக்க அடித்து, மொறுமொறுப்பாகக் காயவைக்கும் பண்டம்) செய்யும்போது சீனிக்குப் பதிலாக ஸ்டீவியா, எரித்ரிட்டால் மாதிரி இனிப்பூட்டிகளைப் போடலாமா? நுரை நிற்குமா, மொறுமொறுப்பு வருமா?

ஸ்டீவியாவில் வராது. எரித்ரிட்டாலில் அரைகுறையாக வரும். மால்டிட்டாலில் ஏறக்குறைய சீனியில் செய்த மாதிரியே வரும். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் நான் முட்டைகளை வீணாக்கிய கதையையும் கேளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. மெரிங் என்ற பெயரையே வேலைக்காகச் சென்னை வந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். எங்கள் ஊரில் அதற்கு நெருங்கிய சொந்தம் மக்ரூன். முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி என்று மூன்றே சாமான். முந்திரியை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மெரிங்தான். போர்ச்சுகீசியர்கள் வழியாக வந்த பண்டம் என்று ஊரில் சொல்வார்கள். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்வதை இங்கே முந்திரி போட்டுச் செய்கிறோம். அந்த முந்திரியும் அவர்கள் பிரேசிலிலிருந்து கொண்டுவந்ததுதான்.

எங்கள் பக்கம் டீயில் போடுவது சீனி. சர்க்கரை என்றால் பெரும்பாலும் வியாதி. அப்பாவுக்கு அந்தச் சர்க்கரை இருக்கிறது, மக்ரூன் ஆசையும் இருக்கிறது. நான் இதில் இறங்கியது அதனால்தான்.

முதல் தடவை சொட்டுச் சொட்டாக விடும் ஸ்டீவியா திரவம். வெள்ளைக்கரு சீக்கிரமே பொங்கி எழுந்தது, எனக்கும் சந்தோஷம். முந்திரித் தூளைக் கலந்ததும் பாதி அமுங்கியது. மீதியை அடுப்பில் (நான் அடுப்பு என்று சொல்வது ஓவனை) வைத்தேன். வெளியே வந்தது மக்ரூன் வடிவத்தில் காய்ந்துபோன ஆம்லெட். இனிப்பான ஆம்லெட் என்பது இன்னும் மோசம்.

ஏன் இப்படி ஆயிற்று என்று அப்புறம்தான் யோசித்தேன். ஸ்டீவியாவின் இனிப்புச் சத்து சீனியைவிட 200 முதல் 300 மடங்கு இனிப்பு. அப்படியென்றால் 200 கிராம் சீனி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கிராம்கூட விழவில்லை. இனிப்பு வந்துவிட்டது, ஆனால் அந்த 200 கிராம் செய்ய வேண்டிய வேலையைச் செய்ய ஆள் இல்லை.

அது என்ன வேலை? வெள்ளைக்கருவில் சுமார் 90 சதவீதம் தண்ணீர், மிச்சத்தில் பெரும்பங்கு புரதம். அடிக்கும்போது புரதம் விரிந்து காற்றுக் குமிழிகளைச் சுற்றி மெல்லிய தோல் மாதிரி படிகிறது. தோல்களுக்கு நடுவே இருக்கும் தண்ணீர் மெதுவாகக் கீழே வடியப் பார்க்கும். சீனி அந்தத் தண்ணீரில் கரைந்து பாகு மாதிரி ஆக்கிவிடுவதால் சீக்கிரம் வடிவதில்லை. அடுப்பில் வைத்ததும் தண்ணீர் ஆவியாகிப் போக, அந்தப் பாகு குமிழிகளைச் சுற்றிக் கண்ணாடியாக இறுகுகிறது. மெரிங்கைக் கடித்தால் மொறுக்கென்று உடைவது முக்கியமாக அந்தச் சீனிக் கண்ணாடிதான்.

எங்கள் மாவட்டத்துக் கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுவார்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டு, ணங் என்று சத்தம் வருகிறதா என்று பார்ப்பது அதற்கான பதம். மெரிங் அடுப்புக்குள் மெதுவாகப் போய்ச் சேருவதும் அந்தப் பதத்துக்குத்தான். அதனால் எந்த இனிப்பூட்டியை எடுத்தாலும் நான் இப்போது கேட்பது ஒன்றுதான்: காய்ந்த பிறகு இது ணங் என்று ஆகுமா?

எரித்ரிட்டால் ஆகாது. அது கண்ணாடியாக இறுகாமல் கற்கண்டு மாதிரி படிகமாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், கரையவே மாட்டேன் என்கிறது. சாதாரண வெப்பத்தில் 100 கிராம் தண்ணீரில் சீனி 200 கிராம் கரையும், எரித்ரிட்டால் 40 கிராம்கூடக் கரையாது. சீனி அளவுக்கே அதைப் போட்டால் பெரும்பகுதி மணலாகத்தான் நிற்கும். மிக்ஸியில் பொடித்துப் போட்டேன். நுரை நின்றது, பார்க்கவும் வெள்ளைவெளேரென்று அழகாக இருந்தது. ஊருக்கு டப்பாவில் எடுத்துப்போய் அப்பாவிடம் கொடுத்தேன். ஒன்றை வாயில் போட்டவர், "என்னல இது, கோல்கேட்டு வச்ச மாதிரி ஜில்லுன்னு இருக்கு?" என்றார். எரித்ரிட்டால் கரையும்போது வாயிலிருந்து சூட்டை உறிஞ்சும், அந்த ஜில்லிப்புதான் அது. இனிப்பும் சீனியில் முக்கால் பங்குக்குக் கீழேதான்.

மூன்றாவது சைலிட்டால். இனிப்பு சீனி அளவே, நன்றாகவும் கரைகிறது. நுரை அருமையாகப் பளபளவென்று வந்தது. அடுப்பில் மூன்று மணி நேரம் வைத்தும் காயவில்லை, பட்டர் பேப்பரில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது. அது 95 டிகிரியை ஒட்டியே உருகிவிடும், நம் வீட்டு வெப்பத்தில் கண்ணாடியாக இறுகவும் செய்யாது. வீட்டில் நாய் இருந்தால் சைலிட்டாலை உள்ளேயே விடாதீர்கள். நாய்க்கு அது விஷம், கொஞ்சம் போதும்.

இதற்கு நடுவில் சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்ன யோசனை, "கருப்பட்டி போட்டுச் செய்." உடன்குடிக் கருப்பட்டி எனக்கும் உயிர்தான். ஆனால் கருப்பட்டியும் பெரும்பகுதி சீனியேதான், அப்பாவின் ரத்தத்துக்கு அது பனையா கரும்பா என்று தெரியாது. காற்றின் ஈரத்தை இழுக்கும் குணமும் உண்டு.

நாலாவதாக மால்டிட்டால் தூள். கடையில் 'சர்க்கரை சேர்க்காதது' என்று விற்கும் சாக்லேட், பிஸ்கட் பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் இந்தப் பெயர் இருக்கும். இனிப்பு சீனியில் 90 சதவீதம், கரைவதும் சீனி மாதிரியே, காய்ந்தால் கண்ணாடியாகவும் இறுகும். இணையத்தில் கிடைக்கிறது. சீனியைவிட விலை நன்றாகவே அதிகம்.

நான் செய்யும் அளவு: நாலு முட்டையின் வெள்ளைக்கரு (ஏறக்குறைய 130 கிராம்), மால்டிட்டால் 200 கிராம், முந்திரி 200 கிராம், எலுமிச்சைச் சாறு அரை டீஸ்பூன். முந்திரியை லேசாகச் சூடுகாட்டி, நன்றாக ஆறவிட்டு, மிக்ஸியில் விட்டு விட்டுத் திரியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கும், எண்ணெய் பட்டால் நுரை போச்சு. இதே காரணத்துக்காகத்தான் மஞ்சள் கரு ஒரு துளிகூட விழக்கூடாது, பாத்திரத்திலும் பிசுக்கு இருக்கக்கூடாது.

வெள்ளைக்கருவையும் மால்டிட்டாலையும் ஒன்றாகப் போட்டு, கொதிக்கும் தண்ணீரின் ஆவி மேல் பாத்திரத்தை வைத்துக் கிண்டிக்கொண்டே இருங்கள். விரலில் தொட்டுத் தேய்த்தால் நறநறப்பு இருக்கக்கூடாது. அதுவரை பொறுமை வேண்டும், இங்கே அவசரப்பட்டால் பின்னால் எதுவும் சரி செய்ய முடியாது. அப்புறம் இறக்கி, எலுமிச்சைச் சாறு விட்டு, பீட்டரைத் தூக்கினால் முனை வளையாமல் நிற்கும்வரை அடியுங்கள். முந்திரித் தூளைக் கரண்டியால் மடித்து மடித்துக் கலந்து, காகிதக் கூம்பில் போட்டுக் கூர்கூராகப் பிழியுங்கள். சுமார் 50 வரும்.

அடுப்பு 100 டிகிரி, இரண்டு மணி நேரம். பழைய பேக்கரிகளில் ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்பின் மிஞ்சிய சூட்டிலேயே ராத்திரி முழுக்கக் காயவிடுவார்கள். அதே மாதிரி அடுப்பை அணைத்த பிறகு கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். மொறுமொறுப்பில் பாதி அங்கேதான் வருகிறது.

'சீனிக்குச் சமமான ஸ்டீவியா' என்று விற்கும் தூளை வாங்கும் முன் பின்பக்கம் படியுங்கள். எரித்ரிட்டால் கலந்திருந்தால் மேலே சொன்ன ஜில்லிப்புக் கதைதான். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அது சிதைத்த மாவுச்சத்து, ரத்தத்தில் சர்க்கரையை வேகமாக ஏற்றும்.

மால்டிட்டாலும் ஏற்றாது என்று நினைக்க வேண்டாம். சீனியில் கிராமுக்கு 4 கலோரி என்றால் இதில் இரண்டு சொச்சம். ரத்தத்தில் ஏற்றுவதும் சீனியைவிடக் குறைவு, ஆனால் ஏற்றும். முந்திரியிலும் மாவுச்சத்து இருக்கிறது. அப்பாவுக்கு இரண்டுக்கு மேல் கொடுப்பதில்லை, அவருடைய டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் அதுவும்.

இன்னொரு விஷயம், வயிறு. மால்டிட்டால் முழுசாகச் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகும். வயிற்றைக் கலக்கலாம் என்று பாக்கெட்டிலேயே எச்சரிக்கை இருக்கும், நான்தான் படிக்கவில்லை. இந்த அளவில் ஒரு மக்ரூனில் சுமார் 4 கிராம் இருக்கிறது. சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில் அன்று நான் ஒரே மூச்சில் எட்டு தின்றேன். சாயந்திரம் நண்பன் வீட்டு விசேஷத்துக்குப் போக முடியவில்லை.

சீனி மக்ரூனைவிட இது சீக்கிரம் நமத்துப்போகும். ஆறின கையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். நமத்துவிட்டால் தூக்கிப்போட வேண்டாம், 100 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுப்பாகிவிடும். மழைக்காலத்தில் நான் செய்வதே இல்லை.