கரடியைக் கண்டால் சிறுத்தை ஏன் ஒதுங்குகிறது?

அண்ணாவுக்கு வணக்கம்.

யூடியூப்பில் சிங்கம், புலி, கழுதைப்புலி சண்டை வீடியோக்கள் பார்ப்பதுதான் இப்போது எங்கள் கடைத் திண்ணையில் பெரிய பொழுதுபோக்கு. அதில் கிளம்பிய வாய்த்தர்க்கம் இந்தக் கடிதம்வரை வந்துவிட்டது. எங்கள் அப்பு தேன் எடுக்கக் காட்டுக்குப் போய்வந்தவர். கரடியைக் கண்டால் சிறுத்தையே ஒதுங்கிவிடும் என்பார். என் கூட்டாளி நம்பவில்லை. கறையான் தின்னுகிற பிராணிக்குச் சிறுத்தை பயப்படுமா என்று கேட்கிறான். யார் சொல்வது சரி?

இன்னொன்று. எங்கள் பக்கம் நாய்க்குட்டிகளைக் காட்டு ரோட்டில் கொண்டுவந்து விட்டுப் போகிறார்கள். சிறுத்தைக்குத் தீனிதானே, விடட்டும் என்று சிலர் நியாயம் சொல்கிறார்கள். அதையும் எழுதுங்கள்.

சு., ஒட்டுசுட்டான்

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பு சொன்னதுதான் சரி. அதற்காகக் கரடிக்கு முடிசூட்டிவிடாதீர்கள். காட்டில் ஒதுங்குவது வேறு, தோற்பது வேறு.

இலங்கைச் சிறுத்தையில் ஆண் சராசரியாக 56 கிலோ, பெண் 29 கிலோ. வளர்ந்த ஆண் கரடி நூறு கிலோவைத் தொடும். எடையை விடுங்கள், சிறுத்தை தனிக்கட்டை. முன்னங்காலில் ஆழமாக ஒரு கடி வாங்கினால் நாளைக்கு மான் பிடிக்க முடியாது. வேட்டையாடிக் கொண்டுவந்து போட அதற்கு ஆளில்லை. சண்டையில் வென்றுவிட்டுப் பட்டினியில் சாகலாம். புள்ளிமான் மேயும் காட்டில் கரடியோடு மோதி அதற்கு என்ன லாபம்? பேசாமல் பக்கத்துப் பற்றைக்குள் இறங்கிவிடும். குட்டிக்கரடி தனியே அகப்பட்டால் மட்டும் கதை வேறு.

நீங்கள் வீடியோவில் பார்க்கிற ஆபிரிக்கச் சண்டை வேறு ரகம். சிங்கமும் கழுதைப்புலியும் கூட்டமாக வாழ்பவை. காயப்பட்ட ஒன்றுகூடக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு தின்னலாம், ஆகவே துணிந்து மோதும். அங்கேயும் இறைச்சிக்கும் குட்டிகளுக்கும்தான் அடிபாடு. கழுதைப்புலி என்றால் சிங்கம் பிடித்ததைத் திருடித் தின்பது என்றுதான் நாம் படித்தோம். 1960களில் ஹான்ஸ் குருக் என்ற ஆய்வாளர் தான்சானியாவின் கொரொங்கோரோவில் இரவிரவாக அவற்றின் பின்னால் திரிந்து பார்த்தார். அங்கே பல தடவை இரையைக் கொன்றது கழுதைப்புலி, பறித்தது சிங்கம். விடிந்தபின் ஜீப்பில் வருகிறவர்களுக்குத் தெரிவது தின்னுகிற சிங்கமும் சுற்றி நிற்கிற கழுதைப்புலியும் மட்டுமே. பழி யார் தலையில் விழும் என்று சொல்லவா வேண்டும்? சிவிங்கிப்புலியின் (சீட்டா) பாடு இன்னும் மோசம். அதே தான்சானியாவின் செரங்கெட்டிச் சமவெளியில் அதன் குட்டிகளில் சுமார் 5 சதவீதம்தான் தாயைப் பிரியும் வயதுவரை தப்பியதாக 1990களில் வந்த ஆய்வு சொல்கிறது. அவற்றைக் கொன்றதில் பெரும்பங்கு சிங்கத்துக்கு. பல வேளை தின்பதற்காகக்கூட அல்ல.

இனி நம் கரடிக்கு வருவோம். அது கறையான் தின்பது மெய். மேல்வாயின் முன்பற்களில் நடு இரண்டு அதற்கு இல்லை. உதட்டைக் குவித்து, புற்றுக்குள் ஊதி மண்ணைத் தள்ளிவிட்டு, அந்த இடைவெளியால் கறையானை உறிஞ்சி எடுக்கும். அமைதியான காட்டில் அந்தச் சத்தம் தூரத்துக்கே கேட்கும். நீண்ட நகமும் புற்றுத் தோண்டத்தான். அந்த நகத்தை வைத்துக்கொண்டு வேகமாக மரமேற முடியாது, ஏறினாலும் சிறுத்தை பின்னாலேயே ஏறிவிடும். ஓட்டத்திலும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட பிராணிக்கு மிஞ்சுவது முந்திக்கொண்டு பாய்வதுதான். பின்கால்களில் எழும்பி, கத்திக்கொண்டு, முகத்தைப் பார்த்து.

சிறுத்தைக்கு எதிராக மட்டும் வந்த பழக்கம் என்றால் இவ்வளவு ஆவேசம் தேவையில்லை. இந்தியக் காடுகளில் கரடிக்குப் பெரிய ஆபத்து வரிப்புலி. அங்கே இரண்டும் முகத்துக்கு முகம் வந்த 40க்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களை ஆய்வாளர்கள் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். மிகப் பெரும்பாலானவை ஒன்றையொன்று தொடாமலே முடிந்திருக்கின்றன. கரடி எழும்பி நின்று பாயப் பார்க்கும், புலி யோசித்துவிட்டு விலகும். தாய்க்கரடி குட்டிகளை முதுகில் ஏற்றித் திரிவதற்கும் இதே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்.

வன்னியில் வரிப்புலி ஏது என்பீர்கள். இந்தத் தீவில் ஒருகாலம் இருந்தது. இரத்தினபுரி மாவட்டத்தில், குருவிட்டவுக்குப் பக்கத்துக் குகையொன்றில் கிடைத்த புலியின் விரல் எலும்பு சுமார் 16,500 ஆண்டு பழையது. அதே பகுதியில் கிடைத்த பற்களை வைத்து, இங்கே சிங்கமும் இருந்ததென்று தெரணியகல என்ற இலங்கை ஆய்வாளர் 1939ல் எழுதினார். கொடியில் மட்டுமல்ல, மண்ணிலும் சிங்கம் இருந்திருக்கிறது! கடல் தாழ்ந்திருந்த காலத்தில் மன்னார்ப் பக்கம் தரைவழி இருந்தது. பிறகு கடல் ஏறி வழி மூடியது. அந்தப் பெரிய பூனைகள் இரண்டும் அழிய, சிறுத்தை மட்டும் மிஞ்சியது.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம், புலி போன சங்கதியைச் சிறுத்தை அறிந்துகொண்டதும் கரடி இன்னும் அறியாமல் இருப்பதும்தான். புலி இருக்கிற இந்தியக் காட்டில் சிறுத்தை கரையோரமாக ஒதுங்கும், இரவில் திரியும், பிடித்ததை மரத்தில் ஏற்றும். நம் வில்பத்துக் காட்டிலோ பட்டப்பகலில் செம்மண் பாதை நடுவே காலை நீட்டிப் படுத்திருக்கும். இரையைப் பெரும்பாலும் தரையிலேயே வைத்துத் தின்னும். இங்கத்தைய சிறுத்தை நல்ல உடல்வாகோடு இருப்பதற்கும் மேலே அதிகாரம் செய்ய ஆளில்லாததுதான் காரணம் என்று ஒரு கருத்து உண்டு. கரடியோ இல்லாத புலிக்கு இன்றைக்கும் எழும்பி நிற்கிறது. அதில் கிழிபடுவது தேன் எடுக்கப் போன மனுசனின் முகம்.

மடுப் பக்கத்துக் காட்டில் ஒரு மாட்டுக்காரர் எனக்குக் காட்டிய தடம் ஒன்று ஞாபகம் வருகிறது. பாலைப்பழக் காலம். மரத்தில் நகம் இழுத்த கோடுகள், கீழே பாலை விதை நிறைந்த எச்சம், மண்ணில் மனிதப் பாதம் போலவே கரடியின் பின்கால். வண்டிப்பாதையால் நேரே வந்த சிறுத்தையின் தடம், வட்டமாக, நகம் பதியாமல், அந்த மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் பற்றைக்குள் திரும்பி, அந்தப் பக்கம் மறுபடி பாதைக்கு ஏறியிருந்தது. “கண்டியளே, ஐயா வழி விட்டிருக்கிறார்” என்றார் அவர். இரண்டும் ஒரே நேரத்தில்தான் அங்கே நின்றனவா என்பதைத் தடம் சொல்லாது. வாசத்தைப் பிடித்தே விலகியிருக்கலாம். எனக்கு அதுதான் கூடுதலாகப் பொருந்துகிறது.

அப்பு இப்போதும் காட்டுக்குப் போகிறாரோ தெரியாது. போகிறவர்களுக்காக எழுதுகிறேன். வைகாசி முதல் ஆடி வரை பாலை, வீரை மரங்களின் கீழே கவனம். கரடிக்குக் கண்ணும் காதும் மட்டு, மூக்குத்தான் கூர்மை. புற்றுக்குள் முகத்தைப் புதைத்திருந்தால், காற்று மாறி அடித்தால், நீங்கள் கிட்ட வரும்வரை அதற்குத் தெரியாது. ஆகவே கதைத்துக்கொண்டு, மரத்தில் தட்டிக்கொண்டு போங்கள்.

விலக வழியில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைக் கிளிநொச்சியில் பார்த்தோம். 2018 ஆனியில் அம்பாள்குளத்தில் குடிமனைக்குள் அகப்பட்ட சிறுத்தை பலரைக் காயப்படுத்தியது. கடைசியில் அதைச் சனம் அடித்தே கொன்றது. வீடியோ நாடு முழுக்கப் பரவியது. அடித்தவர்களின் பயம் எனக்கு விளங்குகிறது. கொன்றபின் படம் பிடித்துக்கொண்டு நின்றது விளங்கவில்லை.

நாய்க்குட்டி விஷயத்தில் அந்த நியாயத்தை நான் ஏற்கமாட்டேன். சிறுத்தை நாய் பிடிக்கும், உண்மை. பிடித்துப் பழகினால் நாய் இருக்கிற இடத்துக்கு வரும், அதாவது உங்கள் முற்றத்துக்கு. தப்புகிற நாய்கள் கூட்டம் சேர்ந்து மான்குட்டியையும் முயலையும் துரத்தும். சிறுத்தைக்குத் தீனி என்று விட்டது, சிறுத்தையின் தீனியைப் பங்குபோடும். அதைவிடப் பெரியது நோய். 1994ல் செரங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ ஆயிரம், ‘டிஸ்டெம்பர்’ என்ற நாய் வைரஸால் செத்தன. எந்தக் கழுதைப்புலிக் கூட்டமும் செய்யாத வேலை. சரணாலயத்தைச் சுற்றியிருந்த ஊர் நாய்களிலிருந்து பரவியதென்றே முடிவுக்கு வந்தார்கள். அதன் பிறகு அந்த ஊர்களில் நாய்களுக்கு ஊசி போடத் தொடங்கினார்கள். முழுத் தீவுக்கும் நம்மிடம் வளர்ந்த சிறுத்தை ஆயிரம்கூட இல்லை.

கடையில் கூடுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்வித்தால் குட்டியைக் காட்டில் கொண்டுபோய் விடுகிற வேலையே வராது. வீட்டு நாய்க்கு விசர் ஊசி போடும்போது டிஸ்டெம்பர் ஊசியையும் மிருக வைத்தியரிடம் கேளுங்கள். பொழுதுபட்டால் நாயைக் கட்டிவையுங்கள், அல்லது கொட்டிலுக்குள் அடையுங்கள்.

அன்புடன்,
அண்ணா