வார் பிய்ந்த ஹேண்ட்பேக்கை வீட்டிலேயே தைக்க முடியுமா?

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன்னால் 600 ரூபாய்க்கு ஒரு ஹேண்ட்பேக் வாங்கினேன். தினமும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். போன வாரம் ஒரு பக்கத்து வார், வளையம் இருக்கிற இடத்தில் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. உடனே ஒட்டும் பசை போட்டேன், இரண்டு நாள்கூட நிற்கவில்லை. ஜிப் வேறு, மூட மூடப் பின்னாலேயே திறந்துகொள்கிறது. கைப்பிடியில் மேல்தோல் உரிகிறது. தைக்கக் கொடுத்தால் 200 ரூபாய் கேட்கிறார்கள். மிஷின் இல்லாமல் நானே சரிசெய்ய முடியுமா, தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: தூக்கிப் போடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றில் வாரையும் ஜிப்பையும் வீட்டில் சரிசெய்யலாம், மிஷின் தேவையில்லை. தோல் உரிவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பிய்ந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தையல் நூல் மட்டும் அறுந்து ஓட்டைகள் முழுசாக இருக்கின்றனவா, அல்லது ரெக்சினே கிழிந்திருக்கிறதா? நூல்தான் விட்டது என்றால் அதே ஓட்டைகளில் கெட்டி நூலால் திரும்பத் தைத்தால் போதும், அரை மணி நேர வேலை. ஆனால் என்னிடம் வருகிற இந்த மாதிரிப் பைகளில் முக்கால்வாசி ரெக்சின் கிழிந்துதான் வரும். விலை குறைந்த பையில் வளையத்தைப் பிடித்திருக்கும் சின்னப் பட்டையை நேராக ரெக்சின் மேலேயே அடித்துவிடுகிறார்கள், பின்னால் தாங்குவதற்கு ஒன்றும் வைப்பதில்லை. ரெக்சின் என்பது மெல்லிய துணி மேல் பூசிய பிளாஸ்டிக்தானே, அதில் மிஷின் நெருக்கமாகக் குத்திக்கொண்டு போன வரிசை, தபால் தலைத் தாளில் கிழிப்பதற்காகப் போட்டிருக்கும் ஓட்டை வரிசை போலவே வேலை செய்யும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோ, டிபன் பாக்ஸ், குடை, சார்ஜர் எல்லாம் சேர்ந்தால் இரண்டு கிலோவைத் தாண்டும், பஸ்ஸுக்கு ஓடும்போது விழுகிற வெட்டு இழுப்பு அதைவிட அதிகம். உங்கள் மேல் தப்பே இல்லை.

பசை ஏன் நிற்கவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. அந்தச் சின்ன டியூப் பசை காய்ந்தால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும், வாரோ நாள் முழுக்க வளைந்து நிமிர்கிற இடம், அதனால் படக்கென்று விட்டுவிடும். பருத்தித் துணி மேல் நிறையச் சொட்டினால் சூடேறி விரலைச் சுட்டுவிடவும் செய்யும், பார்த்து. இப்போது கல்லாகக் கிடக்கும் பழைய பசையை நெயில் ஃபைலால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரால் கரைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், வேண்டாம், பசையோடு சேர்த்து ரெக்சின் பூச்சையும் அது கரைத்துவிடும்.

இனி வேண்டியவை: பழைய ஸ்கூல் பேக்கின் நைலான் நாடா ஒரு துண்டு, அது இல்லையென்றால் பழைய ஜீன்ஸ் துணியை இரண்டாக மடித்துக்கொள்ளலாம். செருப்புத் தைக்கிறவர்கள் வைத்திருக்கும் மெழுகு போட்ட நூல், கேட்டால் கொஞ்சம் தருவார்கள். கிடைக்காவிட்டால் கெட்டியான பாலியெஸ்டர் அல்லது நைலான் நூல். வீட்டில் இருக்கிற சாதாரணப் பருத்தி நூல் வியர்வையிலும் மழையிலும் இற்றுப்போகும், அது இந்த வேலைக்கு ஆகாது. ஊசி இரண்டு வேண்டும், வழக்கமானதைவிடக் கொஞ்சம் தடிமனாக. கோணி ஊசி வேண்டாம், அது போடுகிற ஓட்டையே புதுக் கிழிசலாகிவிடும். அப்புறம் சொல்யூஷன், அதாவது செருப்பு ஒட்டுகிற ரப்பர் பசை. ஃபெவிகால் எஸ்.ஆர். 998 என்று கேட்டால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். மரத்துக்குப் போடும் வெள்ளை ஃபெவிகால் ரெக்சினில் பிடிக்காது.

பைக்குள் லைனிங் துணியை, பிய்ந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தையலோரமாக ஒரு பத்து சென்டிமீட்டர் பிரித்துக்கொள்ளுங்கள். காணாமல் போன சில்லறையும் ஹேர்பின்னும் அதற்குள்தான் கிடக்கும். அந்த வழியாகக் கையை விட்டால் ரெக்சினின் பின்பக்கத் துணி தட்டுப்படும். நாடாத் துண்டை, கிழிசலைவிட நாலு பக்கமும் இரண்டு சென்டிமீட்டராவது கூடுதலாக இருக்கும்படி வெட்டி, அதிலும் ரெக்சினின் பின்பக்கத்திலும் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். தடவியதும் ஒட்டக்கூடாது, இங்கேதான் நிறைய பேர் தவறு செய்கிறார்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலால் தொட்டால் கையில் வராமல் இருக்கும்போது சேர்த்து அழுத்தினால்தான் பிடிக்கும். இரவு முழுக்க மேலே கனமாக எதையாவது வைத்துவிடுங்கள். சொல்யூஷன் சீக்கிரம் தீப்பிடிக்கும், வாடையும் தலைவலி தரும், அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளி உட்கார்ந்து செய்யுங்கள்.

மறுநாள் தையல். பட்டை, ரெக்சின், பின்னால் ஒட்டிய நாடா மூன்றும் சேர்ந்து தைபட வேண்டும், லைனிங் சேரக்கூடாது. ஒரு பழைய ஹவாய் செருப்பைப் பைக்குள் அடியில் வைத்து, குத்தூசியால், இல்லையென்றால் பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் காம்பஸ் முனையால், மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் ஓட்டை போடுங்கள். இதைவிட நெருக்கினால் மறுபடி தபால் தலைக் கதைதான். ஓட்டைகளைப் பட்டையின் நீளவாக்கில் இரண்டு வரிசையாகப் போட்டு நடுவில் ஒரு பெருக்கல் குறி போடலாம். குறுக்கே ஒரே வரிசையாகப் போட்டால் வார் இழுக்கும்போது பாரம் முழுக்க அந்த ஒரு கோட்டில் விழும்.

தைக்க வேண்டிய நீளத்தைப் போல ஐந்து மடங்கு நூல் எடுத்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி கோத்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டையில் ஒரு ஊசியை விட்டு, இரண்டு பக்கமும் நூல் சரிபாதியாக வரும்படி இழுங்கள். அடுத்த ஓட்டையில் வெளியே இருக்கும் ஊசி உள்ளே போக வேண்டும், உள்ளே இருக்கும் ஊசி அதே ஓட்டை வழியாக வெளியே வர வேண்டும், பிறகு இரண்டு நூலையும் ஒரே இழுப்பில் இறுக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டையிலும் இப்படியே. முதல் நாலைந்து தையல் கோணலாக வரும், அப்புறம் கைக்குப் பழகிவிடும். இதைக் கட்டாயம் இப்படித்தான் தையுங்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மிஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுத்தான் பிடித்திருக்கும், ஒன்று அறுந்தால் மற்றதும் உருவிக்கொண்டு வரும். இரண்டு ஊசித் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது தனியாக நின்று தாங்கும். சேணமும் பெல்ட்டும் கையால் தைக்கிறவர்கள் இன்றைக்கும் இப்படித்தான் தைக்கிறார்கள். முடிவில் இரண்டு ஓட்டை பின்னுக்கு வந்து தைத்து நூலை வெட்டுங்கள். நைலான் நூலாக இருந்தால் முனையை ஊதுபத்தி நெருப்பில் லேசாகத் தொட்டால் உருகி முடிச்சுப் போலாகிவிடும். சொல்யூஷன் டப்பா அப்போது பக்கத்தில் இருக்கக்கூடாது.

ஜிப்புக்கு வருவோம். பற்கள் நன்றாக இருந்தும் மூடிய பிறகு பின்னால் பிளந்தால் கோளாறு ரன்னரில்தான். நாளாக நாளாக அதன் வாய் அகன்றுவிடும், இரண்டு பக்கப் பற்களையும் சேர்த்து அழுத்த முடியாது. ஜிப்பை முழுக்கத் திறந்து, ரன்னரின் பின்பக்க ஓரத்தை, அதாவது மூடிய பற்கள் வெளியே வருகிற பக்கத்தை, கொறடால் இடது ஓரம் ஒரு துளி, வலது ஓரம் ஒரு துளி என்று அழுத்துங்கள். மூடிப் பாருங்கள், போதாவிட்டால் இன்னும் ஒரு துளி. ஒரே அமுக்கில் செய்தால் விரிசல் விட்டுவிடும், அவ்வளவு நொறுங்குகிற உலோகம் அது. இதற்கும் மசியவில்லை என்றால் ரன்னரின் பின்புறம் 5, 8 என்று ஒரு எண் அச்சாகியிருக்கும், அதே எண்ணில் புது ரன்னர் வாங்கிப் போடுங்கள். விலை ஒரு டீ காசுதான் இருக்கும். ஜிப் இறுக்கமாக ஓடினால் மெழுகுவர்த்தியைத் தேய்க்கலாம், தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், தூசியைச் சேர்த்துக்கொண்டு லைனிங்கையும் கறையாக்கும்.

கைப்பிடியில் தோல் உரிவதற்கு மருந்து இல்லை என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். மேலே பூசிய பாலியூரித்தேன் காற்றின் ஈரத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து போகும், கை வியர்வை அதை வேகப்படுத்தும், சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இன்னும் சீக்கிரம். பெயின்ட் அடித்தாலும் பாலிஷ் போட்டாலும் அடியில் இருப்பது உதிரத்தான் செய்யும். ஆனால் கைப்பிடி மட்டும்தானே, உரிகிறதை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய சேலைக் கரையில் மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, சொல்யூஷன் தொட்டு, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறும்படி இறுக்கிச் சுற்றி, முனையைத் தைத்துவிடுங்கள். கைக்கும் இதமாக இருக்கும், பார்க்கவும் அழகாக இருக்கும். பையின் உடல் முழுக்க உரிய ஆரம்பித்தால் அப்போது விட்டுவிடலாம், வளையங்களையும் கொக்கிகளையும் மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

200 ரூபாய் அநியாயமா என்றால், பின்னால் நாடா வைத்துக் கையால் தைத்துத் தருகிறவருக்கு அது நியாயமான கூலி. பழைய ஓட்டைகள் மேலேயே மிஷினை ஒரு ஓட்டு ஓட்டித் தருவதற்கு என்றால் கொடுக்காதீர்கள், மாதம் திரும்புவதற்குள் கிழியும். கொடுப்பதற்கு முன்னால் "பின்னால் என்ன வைப்பீர்கள்?" என்று கேளுங்கள். முழு ஜிப்பை மாற்றுவது, ரிவெட் அடிப்பது இரண்டையும் கடைக்கே விட்டுவிடலாம்.

இன்னும் ஒன்று, வாரின் மறுபக்கமும் இதே தையல்தான், இத்தனை நாளும் இதே பாரத்தைத்தான் சுமந்திருக்கிறது. சொல்யூஷன் டப்பாவைத் திறந்த கையோடு அந்தப் பக்கத்துக்கும் ஒரு நாடா வைத்துவிட்டு, பிறகு லைனிங்கை மூடுங்கள்.