ஸ்காலர்ஷிப் கூடியது, கடன் ஏன் கூடியது?

கேள்வி: நானும் கணவரும் டெக்சஸில் பிளேனோவில் இருக்கிறோம், இருவரும் வேலைக்குப் போகிறோம். மகன் கல்லூரி டென்னிஸ் வீரன், இரண்டாம் ஆண்டு முடிக்கப்போகிறான். முதல் கல்லூரியில் 30,000 டாலர் ஸ்காலர்ஷிப் கிடைத்தது. ஓராண்டிலேயே டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பதிவேடு) பெயர் கொடுத்து வேறு கல்லூரிக்கு மாறினான், அங்கே 42,000. இப்போது மூன்றாவதாக ஒரு கல்லூரி படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து 68,000 தருகிறோம், என்.ஐ.எல். (வீரரின் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தரும் பணம்) வழியாக வருடத்துக்கு 10,000 வாங்கித் தருகிறோம் என்கிறது. ஆனால் அவன் படித்த பாடங்களுக்குக் கிடைத்த 60 கிரெடிட்டில் 36 மட்டும்தான் ஏற்பார்களாம். 42,000 கிடைத்தபோதே பேரன் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டான் என்று திருச்சியில் என் மாமியார் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அதிலிருந்து கொழுந்தனாரின் வீட்டுக்கடனுக்கு மாதம் 1,500 டாலர் அனுப்புகிறோம். எங்கள் பெயரில் பேரன்ட் பிளஸ் கடன் (பிள்ளையின் படிப்புக்காகப் பெற்றோருக்கு அரசு தரும் கடன்) 28,000 ஆகிவிட்டது. ஒரு நண்பர் மகன் பெயரில் ஐ.யூ.எல். என்ற ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுக்கச் சொல்கிறார். ஸ்காலர்ஷிப் சம்பளமா, இல்லையா? வரி உண்டா? அவனை மாறச் சொல்லலாமா?

பதில்: போர்ட்டல், என்.ஐ.எல். எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். நீங்கள் அனுப்பிய கல்லூரி பில்களை மூன்று முறை பார்த்தேன். உங்கள் சிக்கல் டென்னிஸில் இல்லை, திருச்சிக்குப் போகும் அந்த 1,500 டாலரில் இருக்கிறது.

முதல் கல்லூரியின் மொத்தச் செலவு 52,000. ஸ்காலர்ஷிப் 30,000 போக மீதி 22,000. அதில் 12,000 கைக்காசு, 10,000 கடன். இரண்டாவது கல்லூரியின் செலவு 69,000. ஸ்காலர்ஷிப் 42,000 போக மீதி 27,000. ஸ்காலர்ஷிப் 12,000 ஏறியது என்று வீட்டில் பாயசம் வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் கட்ட வேண்டியது 5,000 ஏறியிருக்கிறது. அதோடு போகவில்லை. இந்த முறை கைக்காசு 9,000-தான், மிச்சம் 18,000-மும் கடன்.

செலவு கூடிய வருடத்தில் கைக்காசு ஏன் குறைந்தது? மாதம் 1,500 என்றால் வருடத்துக்கு 18,000. அந்த ஆண்டு வாங்கிய கடனும் அதே 18,000. கொழுந்தனாரின் வீட்டுக்கடன் தவணையை நீங்கள் பேரன்ட் பிளஸ் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், சகோதரி. வேறு எப்படிச் சொன்னாலும் கணக்கு இதுதான்.

இந்தக் கடன் மலிவானதும் இல்லை. 2025-26 கல்வியாண்டுக்கு வட்டி 8.94 சதவீதம். அதற்கு மேல் 4.228 சதவீதம் கட்டணத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டுதான் பணத்தைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். 28,000-க்குத் தோராயமாக 9 சதவீதம் போட்டால் வட்டி மட்டும் மாதம் 210 டாலர். பத்து வருடத்தில் அடைப்பதானால் மாதத் தவணை 355 வரும், மொத்தம் 42,500-க்கு மேல் கட்டுவீர்கள். இந்தக் கடன் மகன் பெயரில் இல்லை, உங்கள் பெயரில் இருக்கிறது. நாளைக்கு அவன் நன்றாகச் சம்பாதித்தாலும் சட்டப்படி கட்ட வேண்டியவர் நீங்கள்தான். இன்னொன்று, 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தமாக 65,000 என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். பள்ளம் விழுந்தால் பிளஸ் கடனால் நிரப்பிக்கொள்ளலாம் என்ற பழக்கம் இனி அவ்வளவு எளிதாக ஓடாது.

ஸ்காலர்ஷிப் சம்பளமா என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவே இதைப் பேசி முடிக்கவில்லை. 2024 மார்ச்சில் டார்ட்மத் கல்லூரியின் ஆண்கள் கூடைப்பந்து அணி, தாங்களும் தொழிலாளிகள்தான் என்று 13-க்கு 2 என வாக்களித்துச் சங்கம் அமைத்தது. டார்ட்மத் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே தராத கல்லூரி என்பதைக் கவனியுங்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் அவர்கள் மனுவைத் திரும்பப் பெற்றார்கள். அதே 2024 ஜூலையில் ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், கல்லூரி வீரர்கள் ஊதியச் சட்டப்படி ஊழியர்களாக இருக்க வாய்ப்புண்டு என்றது. 2025 ஜூனில், கல்லூரி வீரர்கள் பணம் கேட்டுத் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் கொடுத்ததால், கல்லூரிகள் முதல் ஆண்டில் சுமார் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கிடலாம் என்றாகிவிட்டது. இதைப் படித்துவிட்டுத்தான் உறவினர்கள் 'கோடிக்கணக்கில் தராங்களாமே' என்கிறார்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. ஆண்கள் டென்னிஸுக்குப் பழைய விதியில் ஓர் அணிக்கே 4.5 ஸ்காலர்ஷிப்தான், அதைத்தான் எட்டு, பத்துப் பேர் பிரித்துக்கொண்டார்கள். சமரசத்தில் சேர்ந்த கல்லூரிகளில் பத்து வீரர்களுக்கும் முழுதாகத் தரலாம் என்று கதவு திறந்திருக்கிறது. தர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. செலவைக் குறைக்க டென்னிஸ் அணியையே மூடிய கல்லூரிகளும் உண்டு.

வரித் துறையின் நிலை தெளிவாக இருக்கிறது. ஐ.ஆர்.எஸ். 1977-இல் கொடுத்த விளக்கத்தின்படி, குறிப்பிட்ட விளையாட்டை ஆடியே தீர வேண்டும் என்று கல்லூரி கட்டாயப்படுத்தாமல், ஆட முடியாமல் போனாலும் உதவியை ரத்து செய்யாமல் இருந்தால், அந்த ஸ்காலர்ஷிப் வேலைக்கான கூலி ஆகாது. படிப்புக் கட்டணம், பாடத்துக்குக் கட்டாயமான புத்தகம், கருவிகளுக்குப் போகும் பகுதிக்கு வரி இல்லை. தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்குப் போகும் பகுதிக்கு வரி உண்டு. பலர் இதைத்தான் கவனிப்பதில்லை. மூன்றாவது கல்லூரி சொல்லும் 68,000-இல் படிப்புக்கு 46,000, தங்குமிடமும் சாப்பாடும் 18,000, கைச்செலவு 4,000. ஆக 22,000 டாலர் வருமானக் கணக்கில் வரும். வரி போடாமல் விடும் நிலையான கழிவு 2025-இல் 15,750, அது போனால் 6,250. அவன் 24 வயதுக்குக் கீழே உள்ள முழுநேர மாணவன் என்பதால் பெற்றோரின் விகிதமே பொருந்தக்கூடும். நீங்கள் 24 சதவீதப் படியில் இருப்பதால் சுமார் 1,500 டாலர். என்.ஐ.எல். பணம் 10,000 வந்தால் அது சுயதொழில் வருமானம். 15.3 சதவீத சுயதொழில் வரியும் சேர்ந்து எல்லாமாக 5,000-ஐ ஒட்டி வரும். இதை யாரும் முன்கூட்டிப் பிடித்துக்கொடுக்க மாட்டார்கள், காலாண்டுக்கு ஒருமுறை நீங்களே கட்ட வேண்டும். பத்தாயிரம் வரும் என்று திருச்சியில் சொல்வதற்கு முன்னால் இந்த ஐந்தைக் கழித்துவிடுங்கள். அந்தப் பத்தும் நிச்சயமில்லை. 600 டாலரும் அதற்கு மேலுமான ஒப்பந்தங்களை 'என்.ஐ.எல். கோ' என்ற பரிசீலனை அமைப்பிடம் காட்டியாக வேண்டும். உண்மையான வணிக நோக்கம் இல்லை என்று அங்கே பட்டால் நின்றுபோகும்.

போன வருடம் ஒரு தகப்பனார் என் அலுவலகத்தில் உட்கார்ந்து போனைத் திருப்பிக் காட்டினார். பயிற்சியாளர் அனுப்பிய குறுஞ்செய்தியின் ஸ்கிரீன்ஷாட். 'கவலைப்படாதீர்கள், பையனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒரே வரி, பக்கத்தில் கட்டைவிரல் படம். அதை நம்பிப் பழைய கல்லூரிக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கல்லூரியின் நிதி உதவிக் கடிதம் ஆகஸ்டில் வந்தது. பேசியதில் பாதித் தொகைதான் இருந்தது. அதிலும் 'ஓர் ஆண்டுக்கு' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். போர்ட்டலில் பெயர் கொடுத்த பிறகு பழைய கல்லூரி அந்தப் பருவத்தோடு உதவியை நிறுத்திக்கொள்ளலாம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

சரி, உங்கள் மகன் போகலாமா? 120 கிரெடிட் பட்டத்தில் 60 முடித்திருக்கிறான். இருந்த இடத்திலேயே இருந்தால் இன்னும் நான்கு பருவம், வருடத்துக்கு 27,000 வீதம் 54,000 கைவிட்டுப் போகும். மாறினால் ஏற்கப்படுவது 36-தான், மிச்சம் 84. பருவத்துக்கு 15 என்றால் ஆறு பருவம் ஆகும், அதாவது ஒரு முழு வருடம் கூடுதல். இரண்டு சீசன் ஆடிவிட்டான், இன்னும் இரண்டுதான் பாக்கி. ஆட்டம் முடிந்த பிறகு வரும் அந்த மூன்றாவது வருடத்துக்கு யார் கட்டுவது? நீங்கள்தான் என்றால் 68,000. இரண்டு வருட வரி 10,000 சேர்த்தால் 78,000. என்.ஐ.எல். இரண்டு வருடமும் சொன்னபடி வந்து 20,000 கழிந்தாலும் 58,000 நிற்கும். முழு ஸ்காலர்ஷிப் என்று சொல்லும் இடம், பாதி தரும் இடத்தைவிட 4,000 அதிகம் பிடிக்கிறது. ஒரு வருடம் தாமதமாக வேலைக்குப் போவதால் இழக்கும் சம்பளத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

கிரெடிட் விஷயத்தில் இன்னொரு கவலையும் இருக்கிறது. மூன்றாம் ஆண்டுக்குள் நுழையும் வீரன் பட்டப்படிப்பில் குறிப்பிட்ட சதவீதத்தை முடித்திருந்தால்தான் களத்தில் இறங்கலாம் என்று, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி இருக்கிறது. 36 என்பது 120-இல் 30 சதவீதம்தான். ஸ்காலர்ஷிப் கையில் இருந்தும் ஆட முடியாமல் பெஞ்சில் உட்காரும் நிலை வரக்கூடாது. மாறும் மாணவர்கள் சராசரியாகத் தங்கள் கிரெடிட்டில் 43 சதவீதத்தை இழந்ததாக அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2017-இல் கணக்கிட்டது. உங்கள் மகன் இழப்பது 40 சதவீதம். மகனைச் சரியாகப் படிக்கவில்லை என்று திட்டாதீர்கள், இது பரவலாக நடப்பதுதான்.

அதனால் புதிய கல்லூரியிடம் இரண்டை எழுத்தில் கேளுங்கள். பட்டம் முடியும் வரை, ஆட்டம் முடிந்த பிறகும், இந்த உதவி தொடருமா? 36 கிரெடிட்டோடு வரும் செப்டம்பரில் அவன் ஆடத் தகுதியுள்ளவனா? முதலாவதுக்கு நிதி உதவி அலுவலகம் கையெழுத்திட்டு ஆம் என்றால் அந்த 68,000 உங்கள் கணக்கிலிருந்து போய்விடும், அப்போது தாராளமாக மாறட்டும், நானே மாறச் சொல்வேன். பயிற்சியாளர் வாயால் சொன்னால் போதாது. இரண்டு பதிலும் கைக்கு வரும் வரை போர்ட்டலில் பெயர் கொடுக்க வேண்டாம்.

ஐ.யூ.எல். பற்றி நீளமாகப் பேச எனக்குப் பொறுமையில்லை. தமிழ்ச் சங்க விழாவில் பொங்கல் தட்டோடு சேர்த்து இதை விற்கிறார்கள். ஆயுள் காப்பீடு என்பது நம் வருமானத்தை நம்பி இருப்பவர்களுக்காக எடுப்பது. இருபது வயதுப் பையனை நம்பி யாரும் இல்லை, திருச்சியில் இருப்பவர்கள் அப்படி நினைத்தாலும். முதல் சில வருடம் கட்டும் பணத்தில் பெரும்பங்கு கமிஷனுக்கும் கட்டணத்துக்கும் போகும், நடுவில் நிறுத்தினால் சரண்டர் கட்டணம் வேறு. என்.ஐ.எல். பணம் உண்மையிலேயே வந்தால் வரிக்கு எடுத்து வைத்தது போக மிச்சத்தை ராத் ஐ.ஆர்.ஏ. என்ற ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கில் போடட்டும், 2025-க்கு வரம்பு 7,000. அதற்குச் சம்பாதித்த வருமானம் வேண்டும். என்.ஐ.எல். வருமானம் அதில் சேரும், ஸ்காலர்ஷிப் சேராது. மாமியாருக்குச் சொல்ல இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

திருச்சிக்கு அனுப்புவதை நாளைக்கே வெட்டச் சொல்லவில்லை. கொழுந்தனார் உங்களை நம்பித் தவணைக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். மூன்று மாதம் 1,500, அடுத்த மூன்று மாதம் 750, பிறகு நிறுத்தம் என்று தேதி போட்டுச் சொல்லுங்கள். அவரும் தன் வங்கியில் தவணைக்காலத்தை நீட்டிக் கேட்க நேரம் கிடைக்கும். மிச்சமாகும் பணத்தில் மாதம் 700 டாலரைப் பிளஸ் கடனுக்குக் கட்டினால் நான்கு வருடத்துக்குள் அந்த 28,000 அடைந்துவிடும்.

இதை நீங்கள் சொல்லாதீர்கள். மருமகள் சொன்னால் பேச்சு வேறு எங்கோ போகும். போன் செய்ய வேண்டியவர் உங்கள் கணவர், தம்பியிடம் முதலில், அப்புறம் அம்மாவிடம். பிளஸ் கடன் பற்றி அவர்களுக்கு இதுவரை தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 28,000-த்தைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். கல்லூரியின் இரண்டு பதிலும் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், இதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்ப்போம்.