விளையும் பயிர்

கேள்வி: கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகள், உச்சத்தில் இருக்கும் நட்சத்திர ஆட்டக்காரரைக் கொடுத்துவிட்டு ‘விளையும் பயிர்’களான நாலைந்து இளைஞர்களை வாங்கிக்கொள்கின்றனவே, இது புத்திசாலித்தனமா?
– வாசகர் ஒருவர், தஞ்சாவூர்

பதில்: தஞ்சாவூர்க்காரர் இப்படிக் கேட்கலாமா? ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்ற பழமொழியோடு எனக்குத் தீராத பகை. நாற்றங்காலில் நெல் நாற்றும் குதிரைவாலிப் புல்லும் ஒரே பச்சையாக நிற்கும். பழகிய கைகூட ஏமாந்து, புல்லையும் முடிச்சில் சேர்த்துக் கட்டிவிடும். கதிர் வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும். நெல்லிலும் பதர் எவ்வளவு என்பது களத்தில் தூற்றும்வரை தெரியாது. இந்தப் பழமொழியைச் சொல்லிச் சொல்லியே பத்து வயதுப் பிள்ளைகளைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளிய ஆசிரியர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

1988 ஆகஸ்ட் 9. கனடாவின் எட்மண்டன் ஆயிலர்ஸ் அணி, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை ஐந்து ஆண்டுகளில் நான்காவது முறையாக வென்று மூன்று மாதம் ஆகவில்லை. அணித்தலைவர் வேய்ன் கிரெட்ஸ்கிக்குத் திருமணமாகி 24 நாள். அவரையும் இன்னும் இருவரையும் லாஸ் ஏஞ்சல்ஸ் கிங்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்தவருக்குத் தொண்டை அடைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார், பேச்சு வரவில்லை. பதிலுக்கு வந்தவை: முந்தைய பருவத்தில் 55 கோல் அடித்த ஜிம்மி கார்சன், மார்ட்டின் ஜெலினா என்ற இளைஞர், மூன்று முதல் சுற்றுத் தேர்வு உரிமைகள் (லீக்குக்கு வரும் புது இளைஞர்களை முதல் சுற்றில் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வாய்ப்பு), 1.5 கோடி டாலர். கடைசியில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்.

கார்சனுக்கு அப்போது இருபது வயது. முளையில் இதைவிடத் தெளிவாக எந்தப் பயிர் தெரியும்? ஒரு பருவம் ஆடினார், 49 கோல் அடித்தார். அடுத்த பருவம் தொடங்கியதுமே அணியை விட்டு விலக, டெட்ராய்ட்டுக்கு மாற்றினார்கள். 1993-ஆம் ஆண்டுத் தேர்வு உரிமையில் எடுத்த இளைஞர் லீக்கில் மொத்தமே 2 ஆட்டம்தான் ஆடினார்.

1990-இல் கிரெட்ஸ்கி இல்லாமலே ஆயிலர்ஸ் கோப்பை வென்றதே என்பார்கள். கார்சனை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்து அங்கிருந்து வாங்கிய ஆட்டக்காரர்கள் அதில் தோள் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அணியைத் தாங்கியவர் மார்க் மெஸ்ஸியர். கிரெட்ஸ்கியோடு அதே மண்ணில் வேர்விட்ட மரம் அவர்.

ஆடுகிறவரை, அந்த ஊருக்கே ஆட விரும்புகிறவரைக் கொடுக்கவே கூடாது. மறுக்கிறவர் கதை வேறு. 1991-இல் கனடாவின் இன்னொரு அணியான கியூபெக் நோர்டீக்ஸ், புது இளைஞர்களில் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த எரிக் லிண்ட்ராஸ், அந்த அணிக்கு ஆட மாட்டேன் என்று ஓராண்டு பிடிவாதமாக இருந்தார். 1992-இல் அவரை ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்து வாங்கிய கூட்டத்தில் பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் என்ற ஸ்வீடன் இளைஞரும் இருந்தார். அந்த முளை நெல்லாகவே விளைந்தது; 1996-இல் கோப்பையும் வந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே அணியை விற்றுவிட்டார்கள். அது கொலராடோவின் டென்வருக்குப் போய்விட்டது. பையன்கள் வளரட்டும் என்று டிக்கெட் வாங்கிக் காத்திருந்த கியூபெக் ரசிகர்களுக்கு, டென்வர்க்காரர்களின் கொண்டாட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பதுதான் மிச்சம்.