ட்ரோக்பா லேட்டாகத்தான் வந்தாரா? – வாசகர் கேள்வி பதில்

என் மகனுக்கு 19 வயது. பி.காம். படித்துக்கொண்டே ஏரியா கால்பந்து டீமில் ஸ்ட்ரைக்கராக (முன்னால் நின்று கோல் அடிப்பவன்) ஆடுகிறான். வயதாகிவிட்டதே என்றால், 'ட்ரோக்பாவே லேட்டாத்தான் வந்தார்' என்று என் வாயை அடைக்கிறான். உண்மையா?
– ஒரு வாசகி, வியாசர்பாடி

உண்மைதான் அம்மா. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லியிருக்கிறான்.

டிடியர் ட்ரோக்பா 1978-ல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் பிறந்தவர். ஐந்து வயதுப் பிள்ளையைப் பெற்றோர் தன்னந்தனியாக விமானத்தில் பிரான்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே மிஷெல் கோபா என்ற உறவினர் தொழில்முறை ஆட்டக்காரர். அவர் கிளப் மாறும்போதெல்லாம் பையனுக்குப் பள்ளிக்கூடமும் மாறும். மூன்று வருடத்தில் வீட்டு ஏக்கம் தாங்காமல் ஊர் திரும்பினான். அபிஜானில் பெற்றோருக்கு வேலை போனதும் மறுபடியும் பிரான்ஸ். முதலில் அவன் ஆடியது ரைட் பேக், அதாவது பின்னால் வலப்பக்கம் நின்று தடுக்கிற இடம். "பின்னால் நின்று என்ன செய்கிறாய், முன்னால் போ" என்று விரட்டியவர் அந்த மிஷெல்தான்.

பெரிய கிளப்கள் பதினாறு, பதினேழு வயதிலேயே பையன்களை அள்ளிக்கொண்டு போய்விடும். ட்ரோக்பாவை யாரும் அள்ளவில்லை. லெ மான் நகரத்துக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தார். ஆமாம், உங்கள் மகன் படிக்கிற அதே சமாச்சாரம்! கூடவே அந்த ஊர் அணியில் ஆட்டம். முதல் தொழில்முறை ஒப்பந்தம் கைக்கு வந்தபோது வயது 21. அதுவும் இரண்டாம் டிவிஷனில்.

மகன் சொல்லாமல் விட்ட பாதி இனிமேல்தான். பாதத்தில் முறிவு, கணுக்காலில் அடி, கெண்டைக்கால் எலும்பில் அடி. தினமும் பயிற்சி செய்து எல்லா மேட்சும் ஆடுகிற உடம்பு வருவதற்கு அவருக்கு நான்கு வருடம் பிடித்தது என்று லெ மான் பயிற்சியாளர் மார்க் வெஸ்டர்லோப்பே சொல்லியிருக்கிறார். அதுவரை பெஞ்சு, கட்டு, மறுபடி பெஞ்சு.

2002 ஜனவரியில் கேங்காம் அணி அவரைச் சுமார் 80,000 பவுண்டுக்கு வாங்கியது. கேங்காம் ஏழாயிரம் பேர் வாழும் சின்ன ஊர். ஸ்டேடியத்தில் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உட்காரலாம்! 2002-03 சீசனில் அங்கே 34 லீக் ஆட்டங்களில் 17 கோல். அணிக்கு ஏழாவது இடம். அடுத்து மார்செய் அணி. ஒரே வருடத்தில் அந்த அணி ஐரோப்பிய கிளப்கள் மோதும் யுஇஎஃப்ஏ கோப்பையின் இறுதி வரை போனது. 2004-ல் லண்டனின் செல்சி அணி கொடுத்த விலை 2 கோடியே 40 லட்சம் பவுண்டு. இரண்டரை வருடத்தில் 300 மடங்கு.

எல்லாரும் செல்சியைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் ட்ரோக்பாவை உருவாக்கியது கேங்காம். வாராவாரம் 90 நிமிடம் ஆட வைத்த இடம் அதுதான். உங்கள் மகனும் பெரிய பெயருள்ள அணியில் பெஞ்சு தேய்ப்பதைவிட, தினம் இறக்கிவிடும் சின்ன அணியாகப் பார்க்கட்டும். பி.காம்.மை முடிக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ட்ரோக்பா ஒரே பேச்சில் உள்நாட்டுப் போரை நிறுத்தினார் என்று வாட்ஸப்பில் சுற்றுகிறதே?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பேசியது நிஜம். 2005 அக்டோபர் 8, சூடானின் ஓம்துர்மானில் ஐவரி கோஸ்ட் 3-1 என்று ஜெயித்தது. ஆனால் உலகக் கோப்பைக்குப் போவது யவுண்டேயில் நடந்த கேமரூன் – எகிப்து ஆட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கேமரூன் ஜெயித்தால் அவர்கள் போய்விடுவார்கள். கடைசி நிமிடத்தில் கேமரூனுக்கு பெனால்டி. அவர்களுடைய வோமே அடித்தது கம்பத்தில் பட்டுப் போனது. ஐவரி கோஸ்ட் முதல் முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது!

உடை மாற்றும் அறைக்குள் டிவி கேமரா வந்தது. ட்ரோக்பா மைக்கை வாங்கினார். வடக்கு, தெற்கு எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அணியில் ஆடி ஜெயித்தோம், ஆயுதத்தைக் கீழே போடுங்கள், தேர்தல் நடத்துங்கள் என்று கெஞ்சினார். மொத்த அணியும் மண்டியிட்டது. 2002-லிருந்து வடக்கே கிளர்ச்சியாளர்கள், தெற்கே அரசு என்று பிளந்து கிடந்த நாடு அது.

ஆனால் மறுநாளே துப்பாக்கி ஓய்ந்துவிடவில்லை. அதிபர் பாக்போவும் கிளர்ச்சித் தலைவர் சோரோவும் பக்கத்து நாடான பர்கினா ஃபாசோவின் வாகடூகுவில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது 2007 மார்ச்சில்தான். அதற்குப் பின்னால் எத்தனையோ பேரின் பேரம், வேர்வை. எனக்கு அந்தப் பேச்சைவிடப் பெரிதாகத் தெரிவது அதே வருடம் ஜூன் 3-ம் தேதி நடந்த மேட்ச். கிளர்ச்சியாளர்களின் தலைமையிடமாக இருந்த புவாக்கே நகரத்தில் தேசிய அணியை ஆட வைக்க வேண்டும் என்று ட்ரோக்பா வற்புறுத்தி, ஆட வைத்தார். மடகாஸ்கருக்கு எதிராக 5-0.

வாட்ஸப்பில் வராத பின்குறிப்பு ஒன்று உண்டு. 2010 தேர்தலுக்குப் பிறகு மறுபடி ரத்தம் ஓடியது. சுமார் 3,000 பேர் இறந்தார்கள். 2011-ல் அமைத்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தில் ட்ரோக்பாவும் ஓர் உறுப்பினர். ஸ்ட்ரைக்கர் போரை நிறுத்த முடியாது சார். இரண்டு பக்கமும் ஒரே டிவியைப் பார்க்க வைக்கலாம். அதுவே சின்ன வேலை இல்லை.

கிளப்புக்கு பெனால்டி போட்டால் உள்ளே, நாட்டுக்குப் போட்டால் வெளியேவா?
– ஒரு கல்லூரி மாணவர், மதுரை

குசும்பு! ஆனால் கணக்கு தெரிந்துதான் கேட்கிறீர்கள். 2006 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதி, கெய்ரோ: சமநிலையை முறிக்க மாறி மாறி பெனால்டி அடிக்கும் ஷூட் அவுட்டில் இவர் அடித்ததை எகிப்தின் கோல்கீப்பர் எல் ஹதாரி தடுத்தார். 2012 பிப்ரவரி, காபோனின் லிப்ரவில், அதே கோப்பையில் ஜாம்பியாவுக்கு எதிரான இறுதி: 70-வது நிமிட பெனால்டி குறுக்குக் கம்பத்துக்கு மேலே பறந்தது. அன்றைய ஷூட் அவுட்டில் தன் பந்தைப் போட்டார் என்பதை மட்டும் எல்லாரும் மறந்துவிடுகிறோம். மற்றவர்கள் தவறவிட்டு, 8-7 என்று கோப்பை போனது.

மூன்றே மாதம் கழித்து, மே 19, மியூனிக். ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி, செல்சிக்கு எதிரே ஜெர்மனியின் பேயர்ன் அணி, அதுவும் அவர்களுடைய சொந்த மைதானம். நமக்கு நள்ளிரவு தாண்டித் தொடங்கிய ஆட்டம். 83-வது நிமிடத்தில் முல்லர் கோல். பேயர்னுக்கு வரிசையாக கார்னர்கள். செல்சிக்கு ஆட்டம் முழுக்க ஒன்றே ஒன்று. 88-வது நிமிடம், மாட்டா அடித்த அந்த ஒரு கார்னரைத் தலையால் முட்டி வலைக்குள் தள்ளினார் ட்ரோக்பா. நான் நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டது.

அதே மனுஷன் கூடுதல் நேரத்தில் ரிபெரியைப் பின்னாலிருந்து தட்டிவிட்டு பேயர்னுக்கு பெனால்டி தானம் செய்தார்! ராப்பன் அடித்ததை செல்சி கோல்கீப்பர் செக் பிடித்ததால் தப்பித்தோம். கடைசியில் ஷூட் அவுட், கோப்பையைத் தீர்மானிக்கும் பந்து இவர் காலில். நீளமாக ஓடி வரவில்லை. ஓரிரு எட்டு வைத்தார், பேயர்ன் கோல்கீப்பர் நோயர் ஒரு பக்கம் போக பந்து மறுபக்கம் போனது. லிப்ரவில் சுமார் மூன்று மாதம் முன்னால்தான் நடந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்த வீடியோவைப் பாருங்கள்.

ட்ரோக்பா நடிப்பாரா? தொட்டாலே விழுவாரே?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

விழுவார். 2006-ல் டிவி பேட்டியில் வாய்தவறி ஒத்துக்கொண்டு, உடனே அப்படிச் சொல்லவில்லை என்றும் மழுப்பினார். ஆறடிக்கு மேல் உயரம், எருது மாதிரி உடம்பு. அதனால் அவர் விழுந்தால் நமக்கு இன்னும் எரிச்சல்.

ஜார்ஜ் வியாவா, ட்ரோக்பாவா?
– ஒரு வாசகி, சேலம்

வியா. லைபீரியாவின் ஸ்ட்ரைக்கர். 1995-ல் பாலன் டி'ஓர் (ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கியவர். இன்றுவரை அதை வாங்கிய ஆப்பிரிக்க ஆண் ஆட்டக்காரர் அவர் ஒருவர்தான். லைபீரியாவுடன் ஒரு உலகக் கோப்பை கூட ஆடக் கொடுத்து வைக்கவில்லை. ட்ரோக்பா மூன்று ஆடினார், மூன்றிலும் முதல் சுற்றோடு வீடு திரும்பினார். ஆனால் இறுதி ஆட்டத்துக்கு ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ட்ரோக்பாவைத்தான் எடுப்பேன். இங்கிலாந்து கிளப்களின் எஃப்.ஏ. கோப்பையில் நான்கு இறுதி ஆட்டங்களில் கோல் அடித்த முதல் ஆள் அவர்.