புகை போயிற்று, தூசி எங்கே போகும்? சென்னைக் காற்று பற்றிக் கேள்வி பதில்

இருபது வருடத்துக்கு மேல் காற்று மாசு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். மொட்டை மாடியில் மாவு மில் மாதிரி இரைகிற மிஷினில் வெள்ளை ஃபில்டர் பேப்பரை வைப்பேன், எட்டு மணி நேரம் கழித்து எடுப்பேன், ஈரம் போக வைத்திருந்து எடை போடுவேன். சென்னைக் காற்று அப்போது எப்படி, இப்போது எப்படி என்று ஆளாளுக்குக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

வியாசர்பாடி வாசகர்: சார், 90களில் மவுண்ட் ரோடு போய் வந்தால் சட்டைக் காலர் கறுத்துவிடும், கண் எரியும். இப்போது வண்டி பத்து மடங்கு, ஆனால் அந்த எரிச்சல் இல்லை. காற்று சுத்தமாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

உங்கள் கண்ணைப் பொறுத்தவரை ஆமாம். அன்று கண்ணை எரித்ததில் பெரிய பங்கு டூ ஸ்ட்ரோக் வண்டிகளுடையது. ஆட்டோ, ஸ்கூட்டர், ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் 50 எல்லாமே பெட்ரோலோடு ஆயிலும் சேர்த்துக் குடித்தவை. அந்த இன்ஜினில் உள்ளே வரும் புதுப் பெட்ரோலில் ஒரு நல்ல பங்கு எரியாமலேயே சைலன்சர் வழியாக வெளியே போய்விடும். நீலப் புகை என்பது பாதி வெந்த ஆயில்தான். ஆர்எக்ஸ் 100 சத்தத்துக்கு இன்றும் உருகுகிறவர்கள் உண்டு. பின்னால் நின்றவனைக் கேட்க வேண்டும்!

அப்புறம் டீசல். 90களின் நடுப்பகுதி வரை டீசலில் 1 சதவீதம் வரை கந்தகம் இருக்கலாம், அதாவது கிலோவுக்கு 10 கிராம். 2010இல் சென்னைக்கு பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ் என்கிற வாகனப் புகை விதியின் நான்காம் கட்டம்) வந்தபோது அது 50 மில்லிகிராம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது 10 மில்லிகிராம். கால் நூற்றாண்டில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது. கந்தகம் குறைந்தால்தான் வண்டியில் புகைவடிகட்டி மாட்ட முடியும், அதையும் மாட்டினார்கள். இந்த நாட்டில் உருப்படியாக நடந்த காரியங்களில் ஒன்று என்றே சொல்வேன்.

ஆனால் நான் கண்ணை நம்பாதவன், தராசை நம்புகிறவன். அது வேறு கதை சொல்கிறது. கீழே எண்ணூர்க்காரருக்குச் சொல்லும் பதிலைப் பாருங்கள்.

அதே வாசகர்: பெட்ரோலில் ஈயத்தை எடுத்தது குழந்தைகளுக்காகத்தானே?

பலன் குழந்தைகளுக்குத்தான். அவசரம் வேறு. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் சாதனம், கட்டாயமானது. ஈயம் பட்டால் அந்தச் சாதனம் செத்துவிடும், அதனால் ஈயமில்லாத பெட்ரோல் வந்தே ஆகவேண்டும். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். மாசுகளிலேயே முழுசாக விடைகொடுத்து அனுப்பியது இது ஒன்றைத்தான்.

எண்ணூர் வாசகர்: அண்ணா, எங்கள் பழைய அனல் மின் நிலையத்தை 2017இல் மூடிவிட்டார்கள். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதையும் கோர்ட் நிறுத்தியது. எங்களுக்கு என்ன குறைந்தது?

இரண்டையும் பிரித்துப் பார்ப்போம். கோர்ட் நிறுத்தியது சென்னைத் துறைமுகத்தில், 2011 அக்டோபர் முதல். ராயபுரத்துக்காரர்களுக்கு நிம்மதி, மாடியில் வடகம் காயவைக்க முடிந்தது. ஆனால் நிலக்கரி எங்கே போனது? உங்கள் எண்ணூர்த் துறைமுகத்துக்கு. இடம் மாறியதே தவிர ஒழியவில்லை.

மின் நிலையமும் அதே கணக்குதான். மூடியது 450 மெகாவாட். அதற்குள் பக்கத்திலேயே வடசென்னை, வல்லூர் இரண்டும் சேர்ந்து 3,000 மெகாவாட்டைத் தாண்டி நின்றன. புது நிலையங்கள் சாம்பலை நன்றாகவே பிடிக்கின்றன, அதை மறுக்க மாட்டேன். வாயுவை அந்தச் சாம்பல்பிடிப்பான் பிடிக்காது. கந்தக டைஆக்சைடு உயரமான புகைபோக்கி வழியாகப் போய், காற்றில் அமோனியாவோடு சேர்ந்து நுண்துகளாக மாறிப் பல மைல் தள்ளி இறங்கும். இந்த அமோனியம் சல்பேட்டின் நிறம் வெள்ளை. வெள்ளைப் பேப்பரில் வெள்ளைத் தூள் உட்கார்ந்தால் கண்ணுக்கு என்ன தெரியும்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் பளிச்சென்று இருக்கும் பேப்பரைப் பார்த்து “இன்று காற்று நல்லது” என்பேன். தராசில் வைத்தால் எடை ஏறியிருக்கும்.

கந்தகத்தைப் பிடிக்கும் கருவி வைக்கச் சொல்லி 2015 டிசம்பரில் விதி வந்தது. கெடு தள்ளிக்கொண்டே போய், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். லாரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு, மின் நிலையத்துக்கு வாய்தா. இது எனக்கு ஆறாத கோபம்.

கல்லூரி மாணவி, தாம்பரம்: பழைய அறிக்கைகளில் தூசி நூற்றுக்கணக்கில் இருக்கிறது, இப்போது இரண்டு இலக்கத்தில் போடுகிறார்கள். நேரடியாக ஒப்பிடலாமா?

கூடாதும்மா. அளவுகோலே மாறிவிட்டது. முதலில் காற்றில் மிதக்கும் மொத்தத் தூசியையும் எடை போட்டோம். அப்புறம் 10 மைக்ரானுக்குக் கீழே உள்ளது மட்டும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 2009இல் வந்த தரநிலையில் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்குக் கீழே உள்ள நுண்துகள், சேர்ந்தது; மொத்தத் தூசிக் கணக்கு போயிற்று. பெரிய மூட்டையை எடை போட்டதையும் அதிலிருந்து சலித்த மாவை எடை போட்டதையும் ஒப்பிட முடியாது. பிராஜெக்ட்டில் ஒரே வகைத் துகளை ஒரே இடத்தில் எடுத்த எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

எவ்வளவு சின்ன எடை என்று ஒரு கணக்கு: எட்டு மணி நேரத்தில் பேப்பர் வழியே சுமார் 500 கன மீட்டர் காற்று போகும். கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் தூசி என்றால் பேப்பரில் ஏறுவது 50 மில்லிகிராம். கோலமாவு ஒரு சிட்டிகைகூட வராது. பேப்பர் ஓரம் கொஞ்சம் பிய்ந்தால் அன்றைய கணக்கு போச்சு.

ஓஎம்ஆர் வாசகர்: ஒரு ஆப்பில் 100, இன்னொன்றில் 150க்கு மேல். எது பொய்?

இரண்டும் உண்மை. பிஎம் 2.5 அளவு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்றால் நம் அரசுக் கணக்கில் காற்றுத் தரக் குறியீடு 100, “திருப்தி”. அமெரிக்கக் கணக்கில் அதே 60 என்பது 150ஐத் தாண்டி சிவப்பு. குறியீட்டை விடுங்கள், மைக்ரோகிராம் எண்ணைப் பாருங்கள். ஆண்டு சராசரிக்கு நம் வரம்பு 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் 5 என்று இறக்கிவிட்டது.

அதே வாசகர்: 2012 பவர்கட் காலத்தில் எங்கள் தெருவே ஜெனரேட்டர் புகையாக இருந்தது.

இருந்தது. கரண்ட் வந்தது, புகை போனது. இவ்வளவு சுருக்கமாக முடிந்த கதை வேறெதுவும் இல்லை.

திருவண்ணாமலை வாசகி: என் அம்மா ஊதுகுழலோடு இருமியே காலம் தள்ளினார். இப்போது கேஸ். கிராமத்துக் காற்று நல்லதாகத்தானே இருக்க வேண்டும்?

நல்ல மாற்றம்தான், சந்தேகமே இல்லை. 2006க்குப் பிறகு மாநில அரசு கொடுத்த இலவச அடுப்பும் 2016இல் வந்த மத்திய அரசின் உஜ்வாலா கேஸ் திட்டமும் அந்தப் புகையைப் பெருமளவு குறைத்தன. இந்தியாவின் நுண்துகளில் விறகு, வறட்டிப் புகைக்குப் பெரிய பங்கு உண்டு. சமையற்கட்டில் எழுந்தது அங்கேயே நிற்பதில்லை, கூரைக்கு மேல் ஏறி ஊர்க் காற்றில் கலக்கும். ஆனால் கொல்லைப்புறம் போய்ப் பாருங்கள். குளிக்க வெந்நீர் எதில் காய்கிறது? பல வீட்டில் இன்னும் விறகில்தான். சிலிண்டர் விலை ஏறுகிற மாதம் சோறும் அங்கே போய்விடும்.

போரூர் வாசகர்: எல்லாம் பேட்டரி வண்டியானால் தீர்ந்ததா?

சைலன்சர் புகை தீரும். டயர் தேய்மானமும் ரோட்டில் கிடக்கும் மண்ணும் தீராது. பேட்டரி வண்டியில் பிரேக் தேய்வது குறைவு, எடை கூடுதல். கறுப்புப் புகை குறையக் குறைய எங்கள் பேப்பர் காபிப்பொடி நிறத்துக்கு மாறிக்கொண்டே வந்தது. அது மண். உங்கள் பக்கம் மெட்ரோ வேலை நடக்கும் ரோட்டைத் தண்ணீர் தெளித்துக் கூட்டினாலே வித்தியாசம் தெரியும். உலர்ந்த துடைப்பத்தால் கூட்டுவது தூசியை எழுப்பிவிடுவதுதான்.

பெயர் சொல்லாதவர்: டெல்லி மாதிரி நாம் இல்லையே?

கடல் செய்கிற உபகாரம். நாம் செய்த புண்ணியம் இல்லை. 2018 போகியன்று காற்று அசையவில்லை, டயர் புகையும் பனியும் சேர்ந்து விமானங்களே இறங்க முடியாமல் போனது நினைவிருக்கிறதா?

அண்ணாநகர் வாசகி: குழந்தைக்கு இளைப்பு. ஏர் பியூரிஃபையர் வாங்கலாமா?

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். படுக்கையறையில் கொசுவர்த்திச் சுருள் இருக்கிறதா? மூடிய அறையில் அது ராத்திரி முழுக்க நுண்துகளைக் கக்கும். அதை நிறுத்திக் கொசுவலை கட்டுங்கள், ஊதுபத்தியைக் குழந்தை இல்லாத அறைக்கு மாற்றுங்கள். டாக்டரிடமும் இதைச் சொல்லுங்கள். அதன் பிறகும் தேவைப்பட்டால் வாங்குங்கள், ஹெப்பா ஃபில்டர் (நுண்துகளையும் பிடிக்கும் வகை) உள்ளதாக. ஃபில்டரைக் காலத்தில் மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.