டபுள்கார்டின் பட்டை தெரியவில்லையா? ஆன்டிபாடியைப் பிறகு திட்டலாம்

புதுச்சேரி நண்பருக்கு வணக்கம். வளர்ந்த சுண்டெலியின் மூளைப் புறணியில் வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து, ஆன்டிபாடியால் பட்டையாகக் காட்டும் சோதனை) செய்தும் டபுள்கார்டின் என்ற புரதத்தின் பட்டை வரவில்லை, அதைப் பிடிக்கும் ஆன்டிபாடி கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சந்தேகம் திசுவின் மீதுதான். இந்தப் புரதம் இடம்பெயரும் இளம் நியூரான்களுக்கு உரியது. வளர்ந்த மூளையில் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸின் டென்டேட் கைரஸ் என்ற பகுதியிலும், பக்க வென்ட்ரிக்கிளை ஒட்டிய பகுதியிலிருந்து முகர்குமிழ் வரை செல்லும் பாதையிலும்தான் மிஞ்சியிருக்கும். புறணியில் தேடுவது கத்திரி வெயிலில் கெடிலம் ஆற்றில் வெள்ளம் தேடுவது போல.

பிறந்து ஓரிரு நாளான குட்டியின் மூளைச் சாற்றைப் பக்கத்து லேனில் (தடத்தில்) ஓட்டிப் பாருங்கள். ஏறத்தாழ 40 கிலோடால்டனில் (புரத எடையின் அலகு) பட்டை விழுந்தால் ஆன்டிபாடி நலமே. 50-க்கு அருகில் மட்டும் விழுந்தால் அவசரப்பட்டு மகிழாதீர்கள். சுண்டெலித் திசுவில் சுண்டெலியிலேயே தயாரித்த ஆன்டிபாடியைப் போட்டால், திசுவில் ஏற்கெனவே இருக்கும் இம்யூனோகுளோபுலினின் (சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடியின்) கனச் சங்கிலியையும், முதல் ஆன்டிபாடியைக் காட்டச் சேர்க்கும் இரண்டாம் ஆன்டிபாடி பிடித்துக் காட்டும். அந்தப் போலிப் பட்டையை நான் ஒரு வாரம் கொண்டாடியிருக்கிறேன்! முயலில் தயாரித்ததை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை.

ஆன்டிபாடிக் குப்பியைச் சிறு பங்குகளாகப் பிரித்து வையுங்கள். கடலூரில் ஒரு கோடை மின்வெட்டில் உருகி, மறுபடி உறைந்து, என் குப்பி ஒன்று வீணானது.